மறுபடியும் காலி

"பென் டிரைவ்ல ஒண்ணுமே இல்லையாம்டா. அப்பா சொல்லச் சொன்னாரு." போன்ல அம்மா.

வாராவாரம் இதே பாட்டு.

அப்பாவோட பழைய லேப்டாப் நத்தையா நகருது. விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டா ஓடும். ஆனா நான் காலேஜை விட்டுட்டு, முறைச்சுக்கிட்டு தனி ரூம் பார்த்துப் போன அன்னைக்கு அவர் கடைசியா சொன்னது, "என் லேப்டாப்பைத் தொடாதே." அதோட பேச்சு கட்.

அதனால லினக்ஸை பென் டிரைவ்ல ஏத்தி, லேப்டாப் அதுலேர்ந்தே பூட் ஆகிக் கிளம்பற மாதிரி எழுதிக் கொடுக்கறதோட என் வேலை முடிஞ்சுது. அதைச் சொருகி லேப்டாப்ல போட்டுக்கறது அவர் பாடு.

வீட்டுக்குப் போனேன். அப்பா பேப்பருக்குப் பின்னாடி. பென் டிரைவை என் லேப்டாப்ல சொருகிப் பார்த்தா, கழுவிக் கவுத்த பாத்திரம்.

"அம்மா, லேப்டாப் 'ஃபார்மட் பண்ணவா'ன்னு கேட்டா 'வேண்டாம்'னு அழுத்தணும். 'சரி'ன்னு அழுத்தினா எல்லாம் அழிஞ்சிடும். சொல்லு."

"என்னங்க, 'வேண்டாம்'னு அழுத்தணுமாம்."

"அதைத்தான் அழுத்தினேன்னு சொல்லு," என்றது பேப்பர்.

மூணு பேரும் ஒரே ரூம்ல. நடுவுல அம்மா செல்போன் டவர்.

எனக்கு மண்டை காய்ஞ்சது. பென் டிரைவை மாத்தியாச்சு, எழுதற சாஃப்ட்வேரையும் மாத்தியாச்சு. என் ரூம்ல ஜம்முனு பூட் ஆகுது. இந்த வீட்டு வாசல் தாண்டினா மட்டும் சாமியார் மாதிரி எல்லாத்தையும் துறந்துடுது.

"இவருக்கு இது சரிப்படாதும்மா. பேசாம கடையில கொடுக்கச் சொல்லு."

பேப்பர் லேசா ஆடுச்சு.

மறுபடியும் எழுதினேன். சாப்பிட்டேன். அப்பா குளிக்கப் போனார். குழப்பம் தாங்காம, தொடக் கூடாத அந்த லேப்டாப்பைத் திறந்தே பார்த்துட்டேன்.

பட்டுனு எழுந்துச்சு. லினக்ஸ்!

எப்போ ஏத்தினதுன்னு தேடிப் பார்த்தேன். நான் முதல் பென் டிரைவைக் கொடுத்த அதே நாள்.

"அம்மா, இது அன்னைக்கே ஏறிடுச்சே. அப்புறம் எதுக்கு வாராவாரம் என்னை..."

பின்னாடி செருமல். தலையில துண்டோட அப்பா. அம்மா வழக்கம் போல நடுவுல வந்து நின்னாங்க. அவங்களை ஓரமா நகர்த்திட்டு, என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"அடுத்த வாரமும் அது காலியாத்தான் இருக்கும். பசியோட வா."