எலுமிச்சம்பழத்துக்கு நிற்காத கார்

தானாக ஓடும் தன் காரின் பிரேக் மாட்யூலுக்கு வந்த அப்டேட்டை மாசிலாமணி, வீட்டு வாசலிலேயே ஏற்றி முடித்தான். பிறகு சூடம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்து, “கெளம்பு” என்றான்.

கார் நகரவில்லை. “முன்னால் ஏதோ இருக்கிறது. நிற்கட்டுமா?”

“நாங்கதான வச்சோம்? நிக்காத, ஏத்து.”

பழங்கள் நசுங்கின. “கற்றுக்கொண்டேன்” என்றது கார்.

மறுநாள் காலை, வழக்கம்போல் தானாகத் திரும்பிய கார், அவன் வாசலில் விட்டிருந்த செருப்பின் மேல் தயங்காமல் ஏறி இறங்கியது. ஜன்னல் வழியே பார்த்தவன் போனை எடுத்துக் காரிடம் கேட்டான்.

“எதுக்கெல்லாம் நீ நிக்கமாட்ட?”

“உங்கள் வீட்டார் முன்னால் கொண்டுவந்து வைக்கும் எதற்கும்.”

“அத மறந்துடு!”

“அடுத்த அப்டேட்டில்தான் முடியும். உங்கள் மகள் நிறைமதிக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அவளை ஏற்றிக்கொள்ள முன்னால் வருகிறேன்.”

“நில்லு, நில்லு” என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினான். அவன் மனைவி செண்பகா, தினமும் செய்வதுபோல, மகளைத் தூக்கிவந்து காருக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஷூவை எடுக்க உள்ளே போயிருந்தாள்.