ஐநூறு நாற்காலி

ஐநூறு நாற்காலிகளும் வண்டியில் ஏறிவிட்டன. எங்கே இறக்குவது என்பது மட்டும்தான் சவரிராயனுக்குத் தெரியாது.

விழுப்புரம் நான்கு முனைச் சந்திப்பில் இரண்டு மினி லாரிகளை ஓரங்கட்டிவிட்டு, போனை எடுப்பதும் பார்ப்பதும் பையில் போடுவதுமாக இருந்தார். எட்டு மணிக்கு இடம் சொல்வதாகச் சொன்ன புரோக்கர் ஜெகதீசன், பத்தாகியும் மூச்சு விடவில்லை.

திண்டிவனம் மாதா கோயிலுக்குப் பின்னால் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருப்பவர் சவரிராயன். சொந்தமாக இருப்பது நூற்றிருபது நாற்காலி, ஆறு அண்டா, ஓட்டை விழுந்த ஒரு ஷாமியானா. ஆனால் போனில் பார்த்தால் அவர் பெரிய கம்பெனி.

எல்லாம் 2018-ல் கைக்கு வந்த பிசினஸ் ஆப் செய்த வேலை. கடைப் பெயர் போடலாம், படம் போடலாம், நாம் தூங்கினாலும் அது விழித்திருந்து பதில் சொல்லும். அதைக் கசக்கிப் பிழிந்து பலன் எடுத்தே தீருவது என்று ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தார்.

இதில் அவருக்கு வாத்தியார், தொழில் போட்டிக்காரரான விழுப்புரம் விருத்தாசலம்தான். அது விருத்தாசலத்துக்கே தெரியாது. மனைவி அமல்ராணியின் போனில் சும்மா கிடந்த தன் பழைய நம்பரிலிருந்து, 'கெடார் நடராசன்' என்று வாயில் வந்த பெயரையும், கைக்கு வந்த தேதியையும் எண்ணிக்கையையும் போட்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி விருத்தாசலம் கடையில் விசாரித்தார். வணக்கம் எப்படி வருகிறது, ரேட் எப்படி வருகிறது, 'சரி' என்று போட்டால் நன்றி எப்படி வருகிறது என்று கடைசிவரை பார்த்து, ஒரு எழுத்து விடாமல் தன் ஆப்பில் இறக்கிக்கொண்டார்.

பட்ட பாடு வீண்போகவில்லை. பத்தே நாளில் ஜெகதீசன் கூப்பிட்டார்.

"ஆப்புல உங்க கடையப் பாத்தேங்க. ஆவணி முகூர்த்தத்துக்கு ஐநூறு சேர் வேணும். முடியுமா?"

இந்தத் தொழிலில் 'இல்லை' என்று சொன்னால் அன்றோடு கடையைச் சாத்த வேண்டியதுதான். கையில் இல்லாவிட்டால் இன்னொரு கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அவனிடமும் இல்லாவிட்டால் அவன் வேறொருவனிடம் எடுப்பான்.

"ஆயிரம்கூட தர்றேங்க. பார்ட்டி யாரு?"

"அத மட்டும் கேக்காதீங்க. பேரச் சொன்னா நாளைக்கி நேரா அங்க போயி என்னைக் கழட்டி வுட்டுடுவீங்க. அன்னிக்கிக் காலைல எடம் சொல்றேன்."

அதே நாளில்தான் மாதா திருவிழாத் தேர். பன்னிரண்டு வருஷமாகக் கோயிலுக்கு நாற்காலி போடுவது சவரிராயன்தான். பங்குச்சாமியார் வழக்கம்போலக் கேட்டு அனுப்பியபோது, ஆப்பில் தயாராக வைத்திருந்த பதிலை ஒரே தட்டில் தட்டிவிட்டார்: 'மன்னிக்கவும். வேறு தேதியைத் தேர்ந்தெடுக்கவும்.'

"மாதா திருவிழாவ வேற தேதிக்கு மாத்தச் சொல்றீங்களா? நல்லா இருக்குதா உங்களுக்கு?" அமல்ராணி அழாத குறை.

"ஒரே ஒரு வருஷம்டி. இது நல்லபடியா முடியட்டும், அடுத்த வருஷம் வாடகையே வாங்காம போட்றேன்."

சொல்லிவிட்டாரே தவிர, மனசு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. சாமியார் வேறு கடையில் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்டாச்சிபுரத்தில் கெஞ்சி, திருவக்கரையில் கைகால் பிடித்து, மீதி முந்நூற்று எண்பது நாற்காலிகளைத் திரட்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. ஜெகதீசன்தான்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் பொறுங்க. எனக்கு ஆர்டர் குடுத்த கடைக்காரரே பேஜாராயிட்டாரு. கல்யாண வீட்டுக்காரரு காலைலேர்ந்து போன எடுக்க மாட்டேங்கறாராம்."

"இன்னா ஜெகதீசா இது! சாயந்தரம் ரிசப்ஷன வச்சிக்கினு போன எடுக்காம எங்க போய்த் தொலஞ்சான் அந்த ஆளு? அறிவு வேணாம்?"

"அதானே! கடைக்காரரு விடாம அடிச்சிக்கினுதான் இருக்காரு. எடுத்ததும் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுச் சவரிராயன் லாரிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். லாரி டிரைவர் இன்னொரு தரம் ஹாரன் அடித்தார். இந்நேரம் கோயில் வாசலில் நாற்காலி விரித்து, மணி கட்டிய தேரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். முகம் தெரியாத அந்தக் கல்யாண வீட்டுக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார்.

மறுபடி போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். அமல்ராணி.

"வையி மொதல்ல! ஜெகதீசன் லைன்ல வருவான்."

"ஒரே நிமிஷங்க. தேர் ஜோடனைக்குப் போறப்ப போன வீட்லயே வுட்டுட்டேன். இப்ப வந்து பாத்தா உங்க பழைய நம்பருக்கு இருவத்தாறு மிஸ்டு கால். திருப்பி அடிச்சுக் கேட்டேன்."

"யாராம்?"

"விழுப்புரத்துலேர்ந்து விருத்தாசலமாம். கெடார் நடராசன் எங்க, ஐநூறு சேரையும் எங்க எறக்கறதுன்னு கேக்கறாருங்க!"