முக்கோணச் சீட்டு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன் பழைய ஊறுகாய் ஜாடியிலிருந்து ஒரு சீட்டு எடுப்போம். வாரம் முழுக்கக் காதில் விழுந்து, பிடித்துப்போன சொற்களை ஆளாளுக்கு எழுதிப் போடும் ஜாடி அது. வந்த சொல்லை அன்று மாலைக்குள் எல்லோரும் பேச்சில் ஒருமுறையாவது சேர்த்துவிட வேண்டும். ஜாடியில் பாதிக்கு மேல் என் மனைவி கோமளத்தின் சீட்டுகள். அவள் மட்டும்தான் முக்கோணமாக மடிப்பாள்.

பதினேழு நாளாக அவளும் நானும் பேசிக்கொள்ளவில்லை. இருந்தும் மகள் பூவிழி ஜாடியை நீட்டினாள். கோமளத்தின் சிநேகிதி ஸ்டெல்லா வழக்கம்போல மீன்குழம்போடு வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

முக்கோணச் சீட்டுதான் வந்தது. பிரித்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"என்னப்பா வந்துச்சு?"

கல்யாணமான புதிதில் கோமளம் சொல்லிச் சொல்லிச் சிரித்த சொல் நாக்கில் வந்து நின்றது. "சிலுசிலுப்பு" என்றேன்.

ஸ்டெல்லா என் கையிலிருந்த வெற்றுத்தாளைப் பார்த்துவிட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, "காத்து இன்னிக்கு நல்லா சிலுசிலுப்பா இருக்குல்ல" என்றாள். கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அது ஜாடியில இல்லீங்க" என்றாள் கோமளம், பதினேழு நாளில் முதல்முறையாக. "என்னோடதையெல்லாம் எடுத்துட்டு வெறுந்தாள மடிச்சுப் போட்டுட்டேன்."

"எடுத்து எங்கம்மா வச்ச?" என்றாள் பூவிழி.

"ஊருக்குப் போகக் கட்டி வச்ச பெட்டியில. என் சேலைங்களோட."