கத்தினால்தான் ஆள் வரும்

"காது அடைச்சுப்போச்சா உனக்கு? ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?"

கீழ் வீட்டு மருமகளின் குரல்தான். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டீச்சரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பெண் வாயில்லாப் பூச்சி. வணக்கம் சொன்னால்கூடத் தலையைத்தான் ஆட்டும். புருஷன் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் மிச்சமிருப்பது மாமனார் ஒருத்தர்தான். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர். தெருவே மதிக்கும் பெரிய மனுஷர். அவர் குரல் இதுவரை வாசலைத் தாண்டி யாரும் கேட்டதில்லை.

அவரைப் போயா இந்தப் பேச்சு?

"தண்டம்! தின்னுட்டுத் தூங்கறதுக்கா உன்னைக் கொண்டாந்து வச்சிருக்கு?"

டீச்சரம்மா துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இறங்கினார். எதிர் வீட்டு டிரைவரும் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்துவிட்டார். ஊமைக் கோட்டானாக இருந்துகொண்டு இத்தனை விஷமா, இதைச் சும்மா விடக்கூடாது, போலீசுக்குச் சொல்ல வேண்டியதுதான் என்று இருவரும் வாசலிலேயே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

கதவைத் தள்ளினால், மருமகள் கட்டிலருகே நிற்கிறாள். ஒரு கை மாமனார் கையைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கையில் போன்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்" என்று போனில் ஒரு குரல் தேனாய் ஒழுகியது, பின்னாலேயே ஒரு பாட்டு.

"சிலிண்டர் தீரப்போகுது டீச்சர்" என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு. "காலையிலயே வரவேண்டிய புது சிலிண்டர் இன்னும் வரலை. ஆம்புலன்சையும் காணோம்."

சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பெரியவரின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

கம்பெனிக்குப் போன் போட்டால் எடுப்பது மெஷின். ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினாள். மூன்றை அழுத்து என்றது, அதையும் அழுத்தினாள். கெஞ்சினாள். சுற்றிச் சுற்றி மறுபடி ஒன்றிலேயே கொண்டுவந்து விட்டது. அப்போதுதான் புருஷன் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. இந்த மாதிரி மெஷின்களை அமைத்துக் கொடுப்பதுதான் அவனுக்கு வேலை. தன்மையாகப் பேசுகிறவர்களை அது காக்க வைக்குமாம். குரல் ஏறினால் மட்டும், சண்டை வந்துவிடும் என்று சட்டென ஆளிடம் தள்ளிவிடுமாம். சாப்பிடும்போது அவன் சிரித்துக்கொண்டே சொன்ன சங்கதி.

மருமகள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"உன்னைப் பெத்தவங்க இதைத்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பினாங்களா? துப்புக்கெட்ட ஜென்மம்!"

மெஷினுக்கு ஏது பெத்தவங்க என்று டிரைவர் முணுமுணுத்தார். டீச்சரம்மாவால் சிரிக்கவும் முடியவில்லை.

அவ்வளவுதான். பாட்டு நின்றது. "சொல்லுங்க மேடம்" என்றது நிஜமான ஆண் குரல்.

மருமகளின் குரல் உடனே பழையபடி தணிந்துவிட்டது. மன்னிச்சுக்கோங்க அண்ணா, உங்களைத் திட்டலை என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். சிலிண்டர் வண்டி அடுத்த தெருவில்தான் வீடு தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றார்கள். டிரைவர் வெறுங்காலோடு ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

புது சிலிண்டர் மாட்டியதும் பெரியவருக்கு மூச்சு மெல்லச் சீரானது. மருமகள் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

டீச்சரம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உன்னைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனேம்மா என்று அவள் தலையைத் தடவினார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அதுசரி, இத்தனை பேச்சு எங்கேம்மா கத்துக்கிட்டே?"

அவள் குனிந்து தலையணையைச் சரிசெய்தாள்.

பெரியவர் மாஸ்க்கை விலக்கினார். வாசலைத் தாண்டாத அதே குரலில் சொன்னார்:

"தினமும் நான் அவளைச் சொல்றதுதான், டீச்சரம்மா."