மூத்தார் வீட்டுக் கதவு

என் வீட்டுக்காரர் மழையில் கதவைச் சுமந்துகொண்டு புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் படியேறி வந்தபோது எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் வந்ததும்தான் பார்த்தேன், அது எங்கள் கதவு இல்லை.

எங்களுடையது பச்சை, ஒற்றைக் கதவு. இது நீலம், இரட்டைக் கதவு. ஊரிலேயே இரட்டைக் கதவு இருப்பது என் மூத்தார் வீட்டில்தான். மூத்தார் என்றால் இவருடைய கூடப்பிறந்த அண்ணன்.

பாரதீப் துறைமுகத்திலிருந்து புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் ஊரில் யாரும் நகையைத் தேட மாட்டார்கள், கதவைக் கழற்றுவார்கள். மண்சுவரைக் கடல் கொண்டுபோனால் வேறு மண் கிடைக்கும். புயல் ஓய்ந்ததும், மிச்சமிருக்கும் கரையில் யார் எங்கே கதவை நிறுத்துகிறார்களோ அங்கே அவர்கள் வீடு. கதவில்லாதவனுக்கு இடமில்லை.

இப்படியே ஊர் நாலைந்து தடவை பின்னால் நகர்ந்துவிட்டது. என் மாமனார் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் படகில் போய்த்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடமாயிற்று. போன புயலுக்கு முந்தைய புயலில், கதவை நிறுத்தும்போது ஒரு முழ இடத்துக்குச் சண்டை. அந்த இடத்தில் இப்போது மீன் மேய்கிறது. சண்டை மட்டும் எங்களோடு கரையேறி வந்துவிட்டது.

இந்தத் தடவை வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்று மூத்தார் ஜெகந்நாதர் மேல் சத்தியம் செய்திருந்தார். பெண்டாட்டி போன பிறகு தனி ஆள். போலீஸ்காரர்கள் ஒலிபெருக்கியில் கெஞ்சக் கெஞ்ச, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

அந்தத் தாழ்ப்பாளோடு சேர்த்துத்தான் இவர் வெளியிலிருந்து கதவை நெம்பி, படகுக் கயிற்றைச் சுற்றித் தூக்கி வந்திருக்கிறார்.

“நம்ம கதவு எங்க?” என்றேன்.

“ஒரு முதுகுல ஒரு வீட்டுக் கதவுதான் ஏறும்.”

அந்த நீலக் கதவாலேயே இவரை அடித்திருப்பேன். அதற்குள் முழங்கால் தண்ணீரில் விழுந்தடித்துக்கொண்டு மூத்தார் வந்து சேர்ந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவுத் திருடன், கதவுத் திருடன் என்று வழியெல்லாம் கத்தியபடி. அவர் உள்ளே வந்ததும் கட்டடத்தின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். இனி எங்கள் கதவு கடலுக்குத்தான்.

சத்தியம் என்னாயிற்று என்று பக்கத்து வீட்டு சுகாந்தி கேட்டாள். வீட்டை விட்டு வர மாட்டேன் என்றுதான் சொன்னேன், கதவைத் தேடி வர மாட்டேன் என்றா சொன்னேன் என்றார் மூத்தார்.

கூடம் முழுக்கக் கதவுகள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பம், நீலக் கதவின் பின்னால் மூத்தார் மட்டும். கொஞ்சம் பொரி கேட்கப் போகிறவர்களும் தட்டிவிட்டுத்தான் போனார்கள். பக்கவாட்டில் முழு ஆளும் தெரிகிறது, இருந்தாலும் உள்ளேயிருந்து யாரது என்று கேட்டார்கள்.

நாங்கள் கதவுகளுக்கு நடுவே நடக்கிற வழியில் உட்கார்ந்தோம். எல்லோரும் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். எங்களைப் பார்க்க வந்தவர்கள் எதைத் தட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

விடிந்தால் எங்களுக்கு ஊரில் இடமில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வெளியே காற்று ஊளையிட ஆரம்பித்தபோது, நீலக் கதவில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி மூத்தாருக்கு முகம் காட்டக் கூடாது, அவரோடு பேசவும் கூடாது.

மூத்தார் பாதிக் கதவைத் தரையில் இழுத்து வந்து எங்கள் முன்னால் சாய்த்தார். எங்களைப் பார்க்காமலே திரும்பிப் போய் மற்ற பாதிக்குப் பின்னால் உட்கார்ந்தார். அது அவருடைய ஒரு தோளைத்தான் மறைத்தது.

இவர் ஈரப் பலகையை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார்.

“தாழ்ப்பாள் உங்கிட்டயே இருக்கு, அண்ணே.”

மற்ற பாதிக்குப் பின்னாலிருந்து மூத்தார் குரல் வந்தது.

“அது மாட்டுற வளையம் உங்கிட்ட இருக்குல்ல. கரையில என்னோடத ஒட்டி நிறுத்து.”