மூன்றாம் கூண்டு

அவள் தாளை மறுபடியும் பார்த்தாள்.

மூன்றாம் கூண்டு எலிகளின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் இறங்கியிருந்தது.

இறங்கக் கூடாது. ஐந்து வாரமாக அவற்றுக்குக் கோலின் என்ற சத்து இல்லாத தீவனம். அந்தச் சத்து குறைந்தால் உடல் எவ்வளவு பதறுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதே தீவனம் தின்ற மற்றக் கூண்டுகளில் ஹார்மோன் அளவு ஏறிக்கொண்டே போனது.

காலை முழுக்க, எதையோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பினாள்.

மதியம் கூண்டைத் திறந்தபோது உமியில் மஞ்சளாக ஒரு துணுக்கு. விரலில் நசுக்கிப் பார்த்தாள்.

அவித்த முட்டையின் மஞ்சள் கரு. கோலின் நிறைந்தது.

கூண்டு கழுவும் சவரிமுத்து மறைக்கவில்லை.

"ஓரமா ஒண்டிக்கிட்டு நடுங்குதுங்கம்மா. என் சோத்துல இருந்ததக் கொஞ்சம் வச்சேன்."

ஏன் அந்தக் கூண்டு மட்டும் என்று கேட்டாள். கதவுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதானே என்றார்.

சவரிமுத்துவின் பெயரைச் சொன்னால் அவருக்கு வேலை போய்விடும். தீவனத்தைத் தானே மாற்றிப் போட்டுவிட்டதாகத் தன் பேராசிரியையிடம் சொன்னாள்.

பேராசிரியை திட்டவில்லை. அந்த எட்டு எலிகளும் இனி ஆய்வுக்கு உதவாது, சும்மா வைத்து வளர்க்கவும் அனுமதி இல்லை, அவற்றை முடித்துவிட்டுப் புதிதாக எட்டு எடுத்துக்கொள் என்றார்.

சவரிமுத்து விடுப்பில் இருந்த சனிக்கிழமை, அவளே ஒவ்வொன்றாகத் தூக்கி வாயுப் பெட்டிக்குள் விட்டாள்.

மற்றக் கூண்டு எலிகள் கை பட்டாலே விறைத்துக்கொள்ளும்.

இவை விறைக்கவில்லை. ஒன்று அவள் கட்டைவிரலை முகர்ந்து, நக்கியது.

எரிக்கும் அறைக்குப் பையையும் அவளே கொண்டுபோனாள்.

திங்கட்கிழமை புது எலிகள் வந்திருந்தன. சவரிமுத்து அவற்றின் முன்னால் வெகுநேரம் நின்றார். பழையவை எங்கே என்று கேட்டார்.

வேறொரு கல்லூரிக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்.

அந்தக் கட்டடத்திலிருந்து எந்த எலியும் வேறெங்கும் போனதில்லை. பதினாறு வருடமாகப் பைகளைச் சுமந்தவர் அவர்.



"நல்ல எடமாம்மா?"

"நல்ல எடம்தாண்ணே."

தலையாட்டினார்.

புது எலிகளுக்கான தீவனம் அவள் கையில் இருந்தது. கூண்டின் மூடியைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை.

"குடுங்க" என்று வாங்கி, அவரே போட்டார்.