இளைய மருமகளின் இடது கால்

குழந்தை உண்டாவதற்காக ஊசி போட்டுவரும் இளைய மருமகள் மதுமிதாவின் வீங்கிய இடது காலில், மாமியார் செல்லத்தாய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பார்த்த மூத்தவள் தமிழ்ச்செல்விக்கு வயிறு எரிந்தது. தன் காலை அத்தை ஒருநாளும் தொட்டதில்லை.

சட்டென்று எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

“பொறாமையாடி? நீதான் பிள்ளையே வேணாம்னு சொன்னவளாச்சே!”

“ஆமா அத்தை, பொறாமைதான். ஆனா அமுக்காதீங்க! ஒரு கால் மட்டும் வீங்குனா ரத்தம் கட்டியிருக்கலாம். தேய்ச்சா நெஞ்சுக்கு ஏறிரும். மொதல்ல ஆட்டோவக் கூப்பிடுங்க!”

“உனக்கெப்படித் தெரியும்?”

“போன வருஷம் எனக்கு வாய் கோணுச்சே, பனிக்காத்துன்னு சொன்னோம்ல? அது பக்கவாதம். நானும் இதே ஊசிதான் போட்டேன், அதுல ரத்தம் கட்டித்தான் வந்துச்சு. ஊசி போட்டது வெளிய தெரிஞ்சா குடும்ப மானம் போயிரும்னு, ‘பிள்ளையே வேணாம்’னு என்னையச் சொல்லச் சொன்னது உங்க மூத்த மகன்தான்.”